பெர்மிஷன் அண்ணன்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு பெர்மிஷன் அண்ணன் முளைத்திருக்கிறார். எங்கள் தெருக்காரருக்கு எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. "டார்ச் அடிக்கிற ஆப்புக்கு என் கான்டாக்ட் லிஸ்ட் இன்னாத்துக்குபா? அது என் மச்சானுக்கு போன் போட்டு பேசப் போவுதா?" என்று ஒரு நாள் டீக்கடையில் கேட்டார். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவருடையது அரதப் பழசான போன். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததை வழித்துப் போட்டுவிட்டு லீனியேஜ் ஓ.எஸ். ஏற்றியிருக்கிறார். ஆப் பெரும்பாலும் எஃப்-டிராய்டு என்கிற திறமூல ஆப் கடையிலிருந்துதான். மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. "மீனு வாங்கறச்ச செவுள தூக்கிப் பாக்குறியா இல்லியா? சாஃப்ட்வேரும் அப்டித்தான்."

"நீ தூக்கிப் பாத்தியா அண்ணாத்த?"

"பாத்தவங்க சொன்னாங்க."

வங்கி ஆப் மட்டும் அந்தப் போனைக் கண்டதும், செருப்போடு உள்ளே வந்தவனைக் கண்ட பூசாரி மாதிரி கதவைச் சாத்திவிடும். வாட்ஸ்அப் கிடையாது, சிக்னல்தான். அதில் அவருக்கு மொத்தம் இரண்டு பேர். ஒருவர் மச்சான். இன்னொருவர் அவரேதான், குறிப்பு எழுதித் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறார். மச்சானும் போன மாசத்திலிருந்து பதில் போடுவதில்லை.

கடையில் தாளாகத்தான் நீட்டுவார். 2016-இல் யு.பி.ஐ. வந்ததிலிருந்து அதன் மேல் அவருக்குத் தீராத வருத்தம். காசு விழுந்ததும் கூவுகிற அந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் இன்னும் அதிகம். "எங்கப்பன் சாராயத்துக்குக் குடுத்த காசக்கூட ஊருக்கு மைக் வெச்சி சொல்லலபா. இது பத்து ரூபா டீக்கு கூவுது." சில்லறை இல்லை என்று டீக்கடைக்காரர் கையை விரித்தால், பக்கத்தில் நிற்கிற என் பக்கம் திரும்புவார். "தம்பி, நீ அடிச்சி வுடு. கைல தந்துடறேன்." தந்தும்விடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் கணக்கைப் பார்க்கிறவனுக்கு நான் ஒரு நாளைக்கு ஒன்பது டீ குடிக்கிற ஆள்.

வீட்டிலும் இதே கதைதான். சிலிண்டர்காரர் கேட்கிற நம்பர், கரண்ட் பில், பாப்பாவின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப், விம்கோ நகர் மெட்ரோ டிக்கெட் எல்லாம் அண்ணி போனில். "இவரு மடி ஆசாரம். தீட்டெல்லாம் என் போனுக்கு" என்பார் அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

அதற்காக அவரை வெறும் பந்தாக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நிற்கிற தெருக்களை ஜனங்களே குறித்துப் போட்ட வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல் எழும்பியதுதான். அன்று அண்ணனுக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. லீவு நாளில் சந்து சந்தாக நடந்து கைபம்பு, கழிப்பறை, முட்டுச்சந்து எல்லாவற்றையும் அதில் ஏற்றுகிறார். எங்கள் தெருவில் எல்லா வீடும் படத்தில் இருக்கிறது. ஒரு மனை மட்டும் காலி. அது அவர் வீடு.

ஆகஸ்ட் 24 அவருக்குப் பண்டிகை. 2017-இல் அந்தத் தேதியில்தான் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆதாரை எதிர்த்துக் கேஸ் போட்டவர் கர்நாடகத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசுவாமி; போட்டது 2012-இல், எண்பதைத் தாண்டிய வயதில். அண்ணன் தெருவுக்கே பால்கோவா கொடுத்து இந்த வரலாற்றைச் சொல்வார். பால்கோவா தீர்கிற வரை எல்லோரும் கேட்போம். அடுத்த வருஷமே, ஆதாரைத் தனியார் கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாது, அரசு மானியத்துக்குக் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே சிம் கடையில் சட்டம் பேசுகிற அண்ணன், ரேஷன் கடையில் மட்டும் பேசாமல் கட்டைவிரலை நீட்டுவார்.

அந்த வரிசையில்தான் ஒரு நாள் காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருவர் அண்ணன் வாயில் மாட்டினார். கயிறு இழுத்து, ஐஸ் அள்ளி, பெரியவருக்கு ரேகையே தேய்ந்து போயிருந்தது. மெஷின் நாலு தடவை 'நீ நீயில்லை' என்றது. நல்ல சமயம் என்று அண்ணன் தகவல் பாதுகாப்பை ஆரம்பித்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, மீனு எந்தப் பக்கம் கீதுன்னு ஐதராபாத்துலேர்ந்து சேட்டிலைட்ட பாத்து எல்லாருக்கும் சொல்றாங்க. அத்த நானும் நாலு பேருக்கு சொல்லுவேன். காத்து திரும்புச்சின்னா வயர்லெஸ்ல எல்லா போட்டுக்கும் கூவுவேன், எனக்கு ஆவாதவனுக்கும் சேத்து. ஆனா ஜி.பி.எஸ்.ல நான் போட்டு வெச்சிக்கிற பாயின்ட்டு? என் மவனுக்கே கண்ணாலம் ஆன அப்பறம்தான் காட்டுனேன்."

அண்ணன் கண் விரிந்தது. "என்கிரிப்ட் பண்ணித் தரட்டா நைனா?"

"அது இன்னாவோ. கரைக்கு வந்தா பெட்டிய கயட்டி எடுத்தாந்து கட்டிலாண்ட வெச்சிக்குவேன்."

எனக்கென்னவோ, எதைக் கூவ வேண்டும், எதைக் கட்டிலருகே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அன்று அந்த வரிசையில் தெளிவாக இருந்தவர் ரேகை இல்லாத அந்த ஒருவர்தான் என்று பட்டது.

அண்ணனுக்கும் ஒரு காலம் வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் போச்சு, டவர் போச்சு, ஸ்பீக்கர் பெட்டி வாயடைத்துக் கிடந்தது. கையில் ஆளுக்கொரு போன். பால் பாக்கெட் வாங்கக் காசு இல்லை. அண்ணன் பரணிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கட்டுக் கட்டாகத் தாள். முழங்கால் தண்ணீரில் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நடந்த நடை இருக்கிறதே, ஒற்றியூர்த் தேர்கூட அப்படி அசையாது. தெருவே அவரிடம் கடன் வாங்கியது. அவரும் ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர், வீட்டு நம்பர், தொகை, என்ன வாங்கத் தேவைப்பட்டது, எல்லாம் குறித்துக்கொண்டார். யார் வீட்டில் பால், யார் வீட்டில் சுகர் மாத்திரை, எந்த வீட்டில் அந்த மழையிலும் சிகரெட், எல்லாம் அதில் இருந்தது.

"இந்த டேட்டாவுக்கு பெர்மிஷன் வாங்குனியா அண்ணாத்த?" என்றேன். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

டவர் வந்தது. தெருவே திருப்பிக் கொடுக்கப் போனைத் தூக்கியது. அண்ணனுக்குத்தான் யு.பி.ஐ. இல்லையே. எல்லோரும் அண்ணி நம்பருக்கு அடித்தார்கள். சாயங்காலம் வரை அண்ணி போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி அண்ணன் காலி டின்னோடும் நோட்டோடும் வந்து உட்கார்ந்தார்.

"மொத்தம் எவ்ளோ வந்துகீது?"

அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தார். "அது என் ப்ரைவசி."