பாதை புறப்பட்ட பிறகு

குருமண்வெளித் துறையில் நின்று பார்த்தால் மண்டூர் கிட்டத்தான் இருக்கிறது. வயிறு சரியாக இருக்கிறவனுக்கு.

எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் பள்ளிக்கூடமுமாக இருக்கிற ஆசிரியர்கள் காலையில் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடப்போம். பாதை என்றால் இங்கே ரோட்டு அல்ல, மிதவை. மண்முனைப் பக்கத்தாருக்கு 2014இல் பாலம் கிடைத்துவிட்டது. அவர்கள் அவசரமென்றால் பெற்றோல் ஷெட்டைத் தேடிப் பறக்கலாம். பாதை புறப்பட்ட பிறகு இந்திரனே கேட்டாலும் நடுவாவியில் இறக்கிவிட மாட்டார்கள். இவ்வளவு காலமும் அந்தப் பயணத்தில் நீர்க்காகமும் வலை வீசுகிறவர்களும்தான் என் கண்ணில் பட்டார்கள். இப்போது அக்கரையில் பற்றை எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று பார்க்கிறேன்.

ஐம்பது வயது வரை இந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. காலையில் பிளேன்ரீ உள்ளே போனால் காரியம் முடிந்துவிடும். இரைப்பையில் ஏதாவது விழுந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் ஏற்பாடு, அந்த அசைவு காலையில்தான் பலமாக இருக்கும் என்றெல்லாம் பிறகுதான் வாசித்தேன். ஒழுங்காக நடக்கிறதைப் பற்றி யார் வாசிக்கிறார்கள்? இந்த வருஷம் பிளேன்ரீக்கு ஒன்று, இடியப்பத்துக்கு ஒன்று, சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டதும் இன்னொன்று என்று ஆனது. சில நாளில் வீட்டில் ஒன்றும் நடக்காது. பாதை கயிற்றை அவிழ்த்த பிறகுதான் உத்தரவு வரும்.

கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்கள். என் வயிற்றுப் பாட்டுக்குத் துடுப்பே தேவைப்படவில்லை. இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வகுப்பைவிட்டு வெளியே போகலாம் என்பது என் சட்டம். ஒருநாள் நான் வாசல் பக்கம் நகர, அதே நேரம் ஒருத்தன் கையை உயர்த்தி எழும்பினான். என் முகத்தைப் பார்த்தான். “சேர் முதல்ல போயிட்டு வாங்க. நான் மறுகா போறன்.”

வீட்டிலும் மறைக்க வழியில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது. ஆகவே கிணற்றடியும் கக்கூசும் மாமியின் பார்வைக்குள். “மருமகன் இண்டைக்கும் ரெண்டாந்தரம் போறார்” என்று அவர் குசினிக்குச் செய்தி அனுப்புவார். எல்லாவற்றுக்கும் காரணம் எருமைத் தயிர் என்பது மாமியின் கட்சி. எல்லாவற்றுக்கும் மருந்து எருமைத் தயிர் என்பது பக்கத்து வளவுக்காரரின் கட்சி. வேலிக்கு மேலால் இரண்டு கட்சியும் விவாதிக்கும்போது சட்டித்தயிரை நடுவில் வைத்துக்கொண்டு நான் கையில் கரண்டியோடு இருந்தேன். வயிற்றில் ஈரமண் வைத்துக் கட்டச் சொன்னார் இன்னொருவர். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது மலச்சிக்கலுக்கு அப்படிச் செய்ததைக் காந்தி சத்தியசோதனையில் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு வராததற்குச் செய்த வைத்தியம் அது. எனக்கு வருவதல்லவா பிரச்சினை.

லண்டனில் இருக்கிற அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பிரிஸ்டல் அட்டவணையாம். லூயிஸ், ஹீட்டன் என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது. மலத்தை அதன் உருவத்தை வைத்து ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது ஆட்டுப்புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர், மூன்றும் நான்கும் தேவலாம். ஒரு நாளைக்கு மூன்று தரமோ, கிழமைக்கு மூன்று தரமோ போனாலும், அது அவரவருக்கு வழமையாக இருந்தால் பயமில்லையாம். வழமை மாறுவதுதான் கவனிக்க வேண்டியது. கணித வாத்தியாருக்கு அட்டவணை கிடைத்தால் சும்மா இருப்பானா? இராச்சாப்பாட்டில் மனிசிக்கு விளங்கப்படுத்தினேன்: “ஆறாவது எண்டா, சொதி கூடிப்போன பிட்டு மாதிரி.” அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் பிட்டு அவிக்கவில்லை.

ஒருநாள் விடிய, குனிந்து பார்த்தேன், சிவப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தவளின் கலியாணம், கட்டி முடியாத மதில், கூட்டுறவுக் கடன் எல்லாம் வரிசையாக வந்து போயின. வெளியே வந்து மனிசியிடம் மெதுவாகச் சொன்னேன். தேங்காய் துருவுவதை அவள் நிறுத்தவேயில்லை. “ராத்திரி பீற்றூட் கறியில பாதிச் சட்டிய ஆரு திண்ட?”

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என்னிடம் படித்தவர். நான் எழும்பி நிற்பதா, அவர் எழும்பி நிற்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார், நான் பதில் தெரியாத மாணவனானேன். இரத்தம் போனதா? கறுப்பாகப் போனதா, இரும்புக் குளிசை ஏதும் குடிக்கிறீங்களா? மெலிஞ்சிருக்கிறீங்களா? நித்திரையில இருந்து எழுப்புதா? குடும்பத்தில ஆருக்கும் குடல் புற்றுநோய் இருந்ததா? எத்தனை கிழமையா? பீற்றூட் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சரித்திரம் எழுதப்படுகிறது என்று தெரிந்தது.

கிளினிக் கொப்பியைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். சீனி வருத்தத்துக்கு நான் குடிக்கிற மெட்ஃபோமின் குளிசையைக் கூட்டியிருந்தார்கள். வயிறு குழம்பத் தொடங்கியதும் அந்த மாதம்தான். பலருக்கும் அந்தக் குளிசை வயிற்றோட்டத்தைக் கொடுக்குமாம். அதனால்தான் சாப்பாட்டோடு குடிக்கச் சொல்வது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. நானோ பாதையைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டு ஓடுகிறவன். ஐரோப்பாவில் மேய்ச்சல் நிலங்களில் முளைக்கிற கலேகா என்ற செடியில் தொடங்கிய மருந்து அது, 1957இல் ஜோன் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் சீனி வருத்தக்காரருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். “செடிதானே” என்றார் மாமி. “தயிரோட ஒத்துவராது.”

காரணம் பிடிபட்டது என்று நான் எழும்பப் பார்க்க, டொக்டர் பிள்ளை விடவில்லை. ஐம்பதைத் தாண்டியவருக்கு வழமை மாறினால் குளிசையின் தலையில் போட்டுவிட்டுப் போக ஏலாது, இரத்தமும் பார்க்க வேணும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்றும் பார்க்க வேணும், அதில் ஏதும் தட்டினால் கமரா விட்டுப் பார்ப்பது என்றார். அதோடு விரலால் ஒரு பரிசோதனையும் உண்டு. சேருக்குச் சங்கடமாக இருந்தால் ஆண் டொக்டர் ஒருவரைக் கூப்பிடலாம் என்றார். பெரிய நிம்மதியோடு தலையாட்டினேன். திரை விலகியது. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார். “சேர்! என்னத் தெரியுதா? கேத்திர கணிதத்துக்கு வாங்கில ஏத்தி விட்டீங்களே!”

மறுநாள் மூடி போட்ட சிறு டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புச் சொப்பிங் பையில் போட்டு, சைக்கிள் கைபிடியில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். மட்டக்களப்பில் காலையில் கறுப்புப் பையோடு போகிறவனை யாரும் சும்மா விட மாட்டார்கள். சந்தியில் ஒரு பழைய கூட்டாளி மறித்தான். “என்ன மச்சான், இறாலா? என்ன விலைக்குப் போகுது?” இல்லை என்றேன். “நண்டா?” என்று பையைத் தொடப் போனான். இந்த வயதில் நான் சைக்கிளை அவ்வளவு வேகமாக மிதிப்பேன் என்று அவனும் நினைத்திருக்க மாட்டான், நானும் நினைத்திருக்கவில்லை.

முடிவுகளில் பிழை ஒன்றும் இல்லை. மெதுவாகக் கரைகிற குளிசைக்கு மாற்றினார்கள், சாப்பாட்டோடு குடிக்கிறேன். முக்கால்வாசி சரி. மிச்சக் காலுக்காக அதிபரிடம் போய், அடுத்த தவணையில் எனக்குக் கீழ்மாடிக் கடைசி வகுப்பறையைத் தரலாமா, கக்கூசுக்குக் கிட்ட இருக்கும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

“சேர், அதுக்கு ஏற்கனவே லிஸ்ற் இருக்கு. சமய ரீச்சர், விளையாட்டு சேர், ரெண்டு விஞ்ஞானக்காரர்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ட ஒபிசையே அங்க மாத்தலாமெண்டு நான் யோசிச்சிக்கிட்டு இருக்கன்.”