ஆதுலர் சாலையில் அலங்காரம்

நோயாளி என்பவர் நோயாளியைப் போலவே காட்சியளிக்க வேண்டும் என்னும் அநாகரிகமான சம்பிரதாயம் ஸ்ரீரங்கத்தை விட்டு ஒழிந்துவருவது பரம சந்தோஷத்துக்குரிய விஷயம். 11-ஆம் நூற்றாண்டிலேயே, வீரராஜேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில் வைத்தியரோடு நாவிதருக்கும் ஜீவிதம் குறித்திருக்க (அவருடைய கத்தி ரணசிகிச்சைக்காக இருக்கலாம் என்னும் அற்ப சந்தேகம் நமக்கெதற்கு?), கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதியே கண்ட நம்மவர் பின்தங்கலாமா?

குடல்வால் அறுவைக்காகத் தில்லைநகர் ஆஸ்பத்திரியொன்றில் சேர்ந்த உத்தர வீதி மாமியிடம், ஆக்ஸிமீட்டரின் ஒளி ஊடுருவ நகப்பூச்சை அழித்தாக வேண்டுமென்று நர்ஸ் மன்றாடியபோது, ஒரே ஒரு விரலை வைத்திய சாஸ்திரத்துக்குத் தானம் செய்து, மற்ற ஒன்பதையும் மாமி காத்துக்கொண்ட தீரம் போற்றத்தக்கது. டாக்டர் ரவுண்ட்ஸ் வருமுன் புருவம் தீட்டி, உதட்டுச் சாயமிட்டு, டிரிப்ஸ் குழாயை வளையல்களுக்கு நடுவே நளினமாக ஒதுக்கி எடுத்த படங்கள் வாட்ஸப்பில் உலா வந்தன.

அவற்றில் ஒன்று காப்பீட்டுக் கம்பெனியையும் எட்டிற்று. இத்தகைய தேஜஸ் உடையவர் உள்நோயாளியாக வேண்டிய அவசியம் புலப்படவில்லை என்று பதில் வந்துவிட்டது. மேல்முறையீட்டுப் படத்துக்காக, கண்ணுக்குக் கீழே கருவளையம் தீட்டத் தெரிந்த அழகுக்கலை நிபுணரை மாமி இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.