தலைவர் வீட்டுத் தம்பி

தலைவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் நண்பர்களுக்கா பஞ்சம் என்று ஊர் நினைக்கிறது. பார்வைக்கு அப்படித்தான் தெரியும். காலையில் இன்னோவா வந்து நின்றதும் பையை வாங்க நாலு கை நீளும். கிரிக்கெட்டில் நடு ஸ்டம்ப் பறந்தாலும் அம்பயர் ‘நோ பால்’ என்பான். பிறந்தநாளன்று வட்டச் செயலாளர் உபயத்தில் தெருமுனையில் பிளெக்ஸ் நிற்கும்; ஆறாம் வகுப்பு மாணவன் அதில் ‘வருங்காலமே!’ என்ற எழுத்துக்குக் கீழே கைகூப்பிக்கொண்டிருப்பான். பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் அப்பா வர மாட்டார், பி.ஏ. வருவார். கணக்கில் 32 மார்க் என்று ஆசிரியை மென்று விழுங்கிச் சொன்னால், “தலைவர் கவனத்துக்குக் கொண்டுபோறேன் மேடம்” என்று டைரியில் குறித்துக்கொள்வார். சூட்டோடு சூடாக ஆசிரியையும் தன் சொந்தத் தம்பியின் டிரான்ஸ்பர் மனுவை நீட்டிவிடுவார். இவனைச் சுற்றி நிற்பது கூட்டணி. அதை நட்பு என்று சொல்வது மரியாதைக்குத்தான்.

கூட்டணி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1996, 2001, 2006, 2011 என அடுத்தடுத்து நான்கு சட்டமன்றத் தேர்தல்களில் ஆளுங்கட்சி தோற்றது. நான்கு முறையும் முடிவு வந்தது மே மாதம். பள்ளி திறப்பது ஜூன். 1995இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் மூன்று கோடை விடுமுறைகளில் ஆட்சி மாறியது. ஏப்ரல் வரை பக்கத்தில் இடம்பிடித்து வைத்தவன், ஜூனில் புது அமைச்சர் மகளிடம் ரப்பர் இரவல் கேட்டுக்கொண்டிருப்பான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதிதானே என்பீர்கள். இல்லை. மில் முதலாளியின் மில்லை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக்கு விடுவதில்லை. அவர் பிள்ளையின் போலி நண்பர்கள் கடைசிவரை போலியாகவே இருப்பார்கள். அதிலும் ஒரு நிம்மதி உண்டு.

யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாமல் பழகக் கூடாதா? பழகலாம், ஊர் விட்டால். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு, பாதுகாப்புக்காகப் பேரன் ராகுலும் பேத்தி பிரியங்காவும் வீட்டிலேயே படித்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பிறகு ராகுல் அமெரிக்காவில், புளோரிடாவின் ரோலின்ஸ் கல்லூரியில், ‘ராவுல் வின்சி’ என்ற பெயரில் படித்து 1994இல் பட்டம் வாங்கினார். காந்தி என்ற பெயரைக் கழற்றிவைக்க வட்டச் செயலாளர்களே இல்லாத கண்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. பாட்டியின் வழி வேறு. 1930இல், சிறுமி என்று காங்கிரஸ் சேர்த்துக்கொள்ளாதபோது, அலகாபாத்தில் பிள்ளைகளைத் திரட்டி ‘வானர சேனை’ தொடங்கிவிட்டார். பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் பாண்டியாடத் தோழி தேடுவார்கள். இவர் படை திரட்டினார்.

இதெல்லாம் அரசியலுக்கு நல்ல பயிற்சிதானே என்று ஒரு வாதம் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புக்குள், எதிரே வருபவன் சட்டைப்பையில் மனு இருக்கிறதா என்று நடையை வைத்தே தம்பி சொல்லிவிடுவான். ஆனால் உண்மையான பயிற்சி பை தூக்கியவனுக்குத்தான். தம்பிக்குப் பதவி எப்படியும் வீடு தேடி வரும். பை தூக்கியவன் உழைத்து மாவட்டச் செயலாளர் ஆகிறான். உங்கள் பிள்ளையும் அதே வகுப்பில் படிக்கிறதா? பட்டா மாறுதல் காகிதத்தைப் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். அதற்குத் தாலுகா ஆபீஸ் இருக்கிறது.