வெறும் பையும் பன் ஓடுதளமும்

‘பன்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஓடுதளத்தின் 1.0 பதிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. வேண்டிய நிரல் பொதிகளைத் தானே இறக்கிக்கொள்ளும், ‘இன்ஸ்டால்’ கட்டளையே தேவையில்லை என்பது அதன் பெருமைகளில் ஒன்று. உடுப்பிட்டியில் மடிக்கணினியும் கையுமாக இருக்கும் தம்பிமாருக்கு வேறென்ன வேணும்? ஆனால் ஓடவிட்டால், ‘அப்படியொரு பொதியே இல்லை’ என்கிறது.

உடனே விசாரணைக் கமிஷன். இணையத்துக்குத் திட்டு விழும், ரௌட்டர் அணைந்து எரியும், கேஷ் அழிபடும். குற்றவாளியோ மேல்மாடியில்: பொதிகளைப் போட்டுவைக்க எப்போதோ உருவாகி மறந்துபோன ‘நோட்_மாட்யூல்ஸ்’ கோப்புறை. வேலை செய்யும் இடத்திலோ அதற்கு மேலுள்ள எந்தக் கோப்புறையிலோ அந்தப் பெயர் தென்பட்டால், தானாக இறக்கும் வேலையைப் பன் கைவிட்டுவிடும். அப்பாச்சி வீட்டு ஆணியில் வெறும் பை தொங்குவதைக் கண்டு, ‘சாமான் வாங்கியாச்சு’ என்று நெல்லியடிச் சந்தைக்குப் போகாமல் படுத்துவிடுகிற பிள்ளை மாதிரி.

பரிகாரம் இரண்டு. அந்தக் கோப்புறையை அழிக்கலாம். அல்லது பன்னின் அமைப்புக் கோப்பான ‘பன்ஃபிக்’கின் ‘இன்ஸ்டால்’ பகுதியில் ‘ஆட்டோ’வுக்கு ‘ஃபால்பேக்’ என்று எழுதலாம்; உள்ளூரில் அகப்படாததை மட்டும் வெளியிலிருந்து இறக்கும்.

எல்லாம் தானாக நடக்கும் காலம்தான். எப்போது நடக்காது என்று வாசித்து அறிவது மட்டும் இன்னும் கைவேலை.