சாம்பார் கட்டிய கவர் எங்கே போகிறது?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். கடலைப் பார்ப்பதே வருஷத்துக்கு ஒருமுறைதான். என் வீட்டு பிளாஸ்டிக் கவர் கடலைக் கெடுக்கிறது என்பது கொஞ்சம் அதிகமில்லையா?

பதில்: நீங்கள்தான் வருஷத்துக்கு ஒருமுறை போகிறீர்கள். உங்கள் ஊர்க் குப்பை ஒவ்வொரு பெருமழைக்கும் கிளம்பிவிடுகிறது. சாக்கடையில் விழுந்தது திருமணிமுத்தாற்றுக்குப் போகும். அது நாமக்கல் பக்கம் காவிரியில் கலக்கும். காவிரியில் வெள்ளம் வந்தால் முக்கொம்பில் பெரும்பங்கு கொள்ளிடத்துக்குத் திரும்பி, பழையாறு அருகே கடலில் சேரும். வழியில் கதவணையிலும் நாணல் புதரிலும் நிறையச் சிக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கவர் மக்கிப் போகாது. அடுத்த வெள்ளம் வரும்வரை அங்கேயே கிடக்கும்.

கேள்வி: பசிக்கு மீன் இருக்க, ஆமை ஏன் பிளாஸ்டிக்கைப் போய்த் தின்கிறது? அவ்வளவு அறிவில்லாத பிராணியா?

பதில்: கோடிக்கணக்கான வருஷம் பிழைத்து வந்த பிராணியை அப்படிச் சொல்லலாமா? அதன் அறிவில் கோளாறு இல்லை, நாம்தான் அதை ஏமாற்றுகிறோம். தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கவர், சொறி மீனைப் போலவே விரிந்து சுருங்குகிறது. சொறி பல ஆமைகளுக்கு நல்ல தீனி. கண் ஏமாறுவது இருக்கட்டும், மூக்கும் ஏமாறுகிறது. கொஞ்ச நாள் கடலில் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்துவிடும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 15 பெருந்தலை ஆமைகளுக்குப் பல வாசனைகளைக் காட்டிப் பார்த்தார்கள். புது பிளாஸ்டிக்கை அவை பொருட்படுத்தவில்லை. பாசி படிந்த பிளாஸ்டிக்கின் வாசனை வந்ததும், இரையின் வாசனைக்கு எப்படி மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டினவோ அப்படியே நீட்டின.

இன்னொன்றும் உண்டு. கடலாமையின் தொண்டைக்குள் வரிசை வரிசையாக முட்கள் இருக்கும். எல்லாம் வயிற்றுப் பக்கமாகச் சாய்ந்தவை. வழுக்கும் இரை நழுவிவிடாமல் இருக்க இயற்கை தந்த ஏற்பாடு அது. அதனால் கவரை விழுங்கிய ஆமைக்கு, தவறு தெரிந்தாலும் துப்புவது பெரும்பாடு.

கேள்வி: ஹோட்டலுக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் பார்சல் கட்டுகிறவர் முறைக்கிறார். என்ன செய்ய?

பதில்: முதலில் அவர் பக்க நியாயத்தைப் பார்ப்போம். வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர் கையில் ஏற்கெனவே கட்டி வைத்த சாம்பார் கவர்கள். உங்கள் வாளியைப் பார்த்ததும் அவருக்கு இரண்டு கவலை: நேரம், அளவு. இரண்டையும் நீங்களே தீர்த்துவிடுங்கள். டோக்கன் கொடுக்கும்போதே பாத்திரத்தையும் கொடுங்கள், மூடியைத் திறந்து. “பார்சலுக்கு எத்தனை கரண்டியோ அத்தனை போதுங்கண்ணா” என்று சொல்லுங்கள். சட்னிக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா. நாலு நாள் போனால் உங்கள் முகம் பழகிவிடும். ஐந்தாம் நாள் அரைக் கரண்டி கூடவே விழும்.

இந்தத் தொந்தரவு எதற்கு என்றால், நாலு இட்லி பார்சலைப் பிரித்துப் பாருங்கள். இலை என்ற பேரில் ஒரு பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு இரண்டு, எல்லாவற்றையும் போட ஒரு கைப்பை. ஐந்து பிளாஸ்டிக். கடையிலிருந்து வீடு வந்து சேரும் கால் மணி நேரம்தான் அவற்றுக்கு வேலை. எண்ணெயும் புளியும் ஒட்டிய கவரைப் பழைய சாமான் கடைக்காரர் தொடமாட்டார். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வாளியைத் தைரியமாக நீட்டுங்கள்.

கேள்வி: டீக்கு பேப்பர் கப் பரவாயில்லையா?

பதில்: வெறும் காகிதத்தில் டீ நிற்குமா? உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான திரவம் கால் மணி நேரம் இருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண் துகள்கள் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்ணாடி கிளாஸில் குடியுங்கள். டீயும் ருசிக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடையில் துணிப் பை தருகிறார்கள். அது நல்லதுதானே?

பதில்: துணியாக இருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு நூலை உருவி தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதாவது ‘நான் ஓவன்’ பை. 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது.

கேள்வி: ‘மக்கும் பை’ என்று அச்சடித்தே விற்கிறார்களே?

பதில்: இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட பையை மூன்று வருஷம் கடலில் போட்டு வைத்தார்கள். வெளியே எடுத்து அதிலேயே கடைச் சாமான் நிரப்பித் தூக்கிக் காட்டினார்கள். கிழியவில்லை. 2019-ல் வெளியான முடிவு இது. மக்கும் பைகளில் பலவற்றுக்குத் தொழிற்கூடத்துச் சூடு வேண்டும். குளிர்ந்த கடலில் அது ஏது?

கேள்வி: சாஷேயையும் நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரு பாட்டில் ஷாம்பூ வாங்கக் காசு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: நியாயமான கோபம். ஷாம்பூவை சாஷேயில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். கூலிவேலை செய்பவர்களும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் பிழையில்லை, இன்றும் அது தேவை. ஆனால் பல அடுக்குகளாக ஒட்டிய உறையைப் பிரித்தெடுக்க வழியில்லாததால் பொறுக்குகிறவருக்கு அதில் பைசா தேறாது. அதனால் யாரும் பொறுக்குவதில்லை.

எண்ணெயை நாம் செக்கிலிருந்து பாட்டில் கொண்டுபோய் வாங்கியவர்கள்தானே? ஐந்து ரூபாய்க்கு ஷாம்பூவையும் அப்படி அளந்து ஊற்றலாம். அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது கம்பெனி, ஏழையல்ல. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டில் கிடந்த கண்ணாடிக்கு விலை வந்ததும் பாட்டில்கள் கடைக்கே திரும்பின. உறைக்கும் ஒரு விலை வைத்தால் இதுவும் நடக்கும்.

கேள்வி: கடலில் வலையைப் போடுவதே மீனவர்கள்தான். எங்களை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

பதில்: வலையும் பெரிய சிக்கல்தான், மறைக்கவில்லை. பசிபிக் நடுவே சுழலும் குப்பைத் திட்டின் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலை என்று 2018-ல் கணக்கிட்டார்கள். ஆனால் வலை என்பது மீனவரின் முதல்; பாறையில் மாட்டியோ விசைப்படகு அறுத்தோ போனால் அவருக்கு நஷ்டம். கொல்லம் நீண்டகரையில் 2017-ல் கேரள அரசு பைகள் கொடுத்தது. மீனவர்கள் வலையில் ஏறிய பிளாஸ்டிக்கைக் கடலில் திருப்பிக் கொட்டாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள்; அதை அரைத்துச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். நீங்கள் போட்டதையும் சேர்த்துத்தான் அவர்கள் அள்ளினார்கள்.

கேள்வி: குளச்சல்காரி நான். 2025-ல் எங்கள் கரையில் ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள் ஒதுங்கின. அதற்கும் நாங்கள் பை வாங்குவதற்கும் என்ன தொடர்பு?

பதில்: பையும் பாட்டிலும் பிறப்பதே அந்த மணிகளிலிருந்துதான். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் சுமார் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. சிலவற்றில் இருந்த மணிகள் நீரோட்டத்தோடு உங்கள் மாவட்டக் கரைக்கு வந்தன. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்தபோது சுமார் 1,680 டன் மணிகள் கொட்டின. மணலைச் சல்லடையில் சலித்தவர்களுக்குத் தெரியும்: மேலே தெரிவதை அள்ளி முடிப்பதற்குள் அடுத்த அலை கொஞ்சத்தைப் புதைத்துவிடும், கொஞ்சத்தைக் கொண்டுவரும். கடலில் விழுந்ததை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை உங்கள் கரைக்கு அனுப்புங்கள். உற்பத்தி குறைந்தால்தான் கண்டெய்னர் குறையும்.

கேள்வி: தையில் மகளுக்குக் கல்யாணம், 800 பேர். இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வைக்கச் சொல்கிறார் சமையல் கான்ட்ராக்டர்...

பதில்: காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து 1,600 பாட்டில். பாதி குடித்து, மூடி திருகி, எச்சில் இலையோடு சுருட்டிப் போய்விடும். எவர்சில்வர் டம்ளர் பாத்திரக் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். பந்திக்கு இரண்டு பேர் ஜக்கோடு நடந்தால் போதும். பாட்டில் காசில் அவர்கள் கூலி தாராளமாக அடங்கும். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ரோலுக்கும் தடை உண்டு, காகித ரோல் கேளுங்கள். எல்லாவற்றையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். முகூர்த்தத்தன்று காலையில் சொன்னால், பாட்டில் பெட்டிகள் மண்டபத்தில் இறங்கியிருக்கும்.