வானத்தில் நாலு மணி, மலையில் அஞ்சு மணி

பெறுநர்: ஒன்றிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.
அனுப்புநர்: குன்னூர்வாசி ஒருவன்.
பொருள்: பயண நேரம் என்று தாங்கள் அச்சிடும் அழகான பொய் - தொடர்பாக.
பார்வை: மூடுபனி காரணமாகப் பத்தடிக்கு மேல் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

நீலகிரிக்கு அருகில் உள்ள விமான நிலையம் கோவை பீளமேடு. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுகிறீர்கள். நன்றி. இறங்கியவர்கள் ஊட்டியே வந்துவிட்டதாக நினைத்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு வியர்த்து வழிகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

பீளமேட்டிலிருந்து சார்ஜாவுக்கு நேரடி விமானம் உண்டு. 2,700 கிலோமீட்டருக்கு மேல். சுமார் நாலு மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயிலோ 46 கிலோமீட்டர் ஏறி உதகை சேர ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கல்லாறு தாண்டினால் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இந்த நிதானத்துக்கு 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டமே கொடுத்துவிட்டது. உங்கள் விமானங்களும் தாமதமாகத்தான் வருகின்றன, பட்டம்தான் கிடைத்தபாடில்லை.

சாலைக் கதை வேறு. பீளமேட்டுக்கும் ஊட்டிக்கும் வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 60 கிலோமீட்டர்கூட வராது. வண்டியில் வந்தால் 90-ஐத் தொடும். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேறு. போர்டிங் பாஸ் காட்டிப் பறந்து வந்தவர், மலையடிவாரத்தில் இன்னொரு பாஸுக்காக போனில் சிக்னல் தேடுகிறார். அதன்பிறகு பர்லியாறு, கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் பின்சீட்டுப் பிள்ளை வாயைப் பொத்துகிறது. விமானத்தில் வாந்திக்கென்று வைத்திருந்த கவர் விமானத்திலேயே இருக்கிறது. டிரைவர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் டேஷ்போர்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பின்னால் நீட்டுகிறார். அவருக்கு இது தினப்படி வேலை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. கோவை டிக்கெட்டில் "ஊட்டி செல்வோருக்குப் பயணம் இனிமேல்தான்" என்று ஒரு வரி சேர்க்க உத்தரவிடவும்.

2. இறங்கும்போது அந்தக் கவரைக் கையோடு கொடுத்தனுப்பவும்.

3. இதையெல்லாம் படித்துவிட்டு, இரக்கப்பட்டு, ஊட்டிக்கே ஒரு விமான நிலையம் என்று மட்டும் அறிவித்துவிட வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். 2,240 மீட்டர் உயரத்தில் ஓடுபாதைக்குச் சமதளம் கிடைக்காது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். சோலையும் புல்வெளியும் போகும். கனமழை பெய்தால் மலை தானாகவே சரிந்து சாலைக்கு இறங்கி வருகிறது. அதற்கு நீங்கள் வேறு கைகொடுக்க வேண்டியதில்லை.

மலைக்கு வர அரை நாள் ஆகும். வருகிறவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
குன்னூர்வாசி