நங்கூரம் பொறித்த கடிகாரமும் அது ஏறாத கப்பலும்

பழம்பொருள் விற்போர் பொருளை மட்டும் விற்பதில்லை, அதனோடு ஒரு கப்பலையும் சேர்த்துக் கட்டிக்கொடுக்கின்றனர் என்பது இவ்வழியில் பணத்தை விட்டவர் அனைவரும் அறிந்ததே ஆதலின், அதனை இங்கு விளக்க வேண்டியதில்லை. சென்ற வாரம் நடந்த ஏலமொன்றின் பட்டியலில், உள்ளங்கை அகலமே உள்ள நீல எனாமல் மேசைக் கடிகாரம் ஒன்று, ஒலிம்பிக் என்னும் பெருங்கப்பலின் முதல் வகுப்பு அறையில் இருந்ததாகக் குறிக்கப்பட்டதே இவ்வாய்வுக்குக் காரணம். அக்கடிகாரம் சரியான நேரம் காட்டுமா என்னும் அடிப்படை வினா இறுதியில் ஆராயப்படும்.

வெள்ளித் தகட்டில் கடைசல் பொறியால் மெல்லிய நெளிகோடுகளைச் செதுக்கி, அதன்மேல் நிறமேற்றிய கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி எடுக்கும் வேலைப்பாடு ‘கியோஷே எனாமல்’ எனப்படும். கையில் திருப்பும்தோறும் அதில் ஒளி நெளிவதைப் பட்டியல் கடலலை என்று வருணித்ததை மன்னிக்கலாம். பின்புறத்து நங்கூர முத்திரையைக் கப்பலின் சின்னம் என்று எழுதியதை மன்னிக்க இயலாது. நங்கூரம் என்பது, வெள்ளி உரிய தரமுடையது எனச் சான்றளிக்க பர்மிங்காம் நகரத்துத் தர ஆய்வகம் 1773 முதல் குத்திவரும் முத்திரையாகும். பர்மிங்காமோ கடற்காற்றே படாத உள்நாட்டு நகரம். யானை மார்க் தீப்பெட்டியை யானை செய்தது என்று வாதிடுவோர்க்கும் இப்பட்டியலாளர்க்கும் வேறுபாடு சிறிதே.

ஒலிம்பிக்கில் அமைக்கப்பட்ட 48 கடிகாரங்களும், வரைபட அறையில் இருந்த இரண்டு தாய்க் கடிகாரங்கள் அனுப்பிய மின்துடிப்பால் நகர்ந்தவை. நியூயார்க்கை நோக்கிக் கப்பல் மேற்கே செல்லச் செல்ல உள்ளூர் நேரம் பின்தங்குவதால், ஐந்து மணி நேர வேறுபாட்டை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டியிருந்தது. பட்டியல் கூறுவதுபோல் அறைதோறும் சாவி கொடுக்கும் கடிகாரம் இருந்திருப்பின், நள்ளிரவில் சிப்பந்தி ஒருவர் கதவு கதவாகத் தட்டி, உறக்கம் கலைந்த சீமாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு, முள்ளைத் திருப்பி, அடுத்த அறைக்கு ஓடியிருக்க வேண்டும். கடைசி அறையை முடிக்கும்போது முதல் அறைக் கடிகாரம் அடுத்த நாள் திருத்தத்துக்குக் காத்திருக்கும். கடல் கொந்தளித்த இரவுகளில், கட்டிலுக்கு அடியில் உருண்ட கடிகாரத்தை முழந்தாளிட்டுத் தேடும் பணியும் கூடியிருக்கும். கரையேறிய கையோடு கிழக்கு நோக்கிய பயணம் தொடங்க, பின்னே தள்ளிய முள்ளையெல்லாம் அவரே முன்னே தள்ளியிருக்க வேண்டும். 1915 முதல் 1919 வரை கப்பல் துருப்புகளை ஏற்றிச் சென்ற காலமே அவருக்கு வாய்த்த ஒரே ஓய்வாக இருந்திருக்கும். அவருக்கு இனாம் எவ்வளவு கிடைத்தது என்பதையும் பட்டியலாளர் கற்பித்திருக்கலாம், ஏனோ விட்டுவிட்டார்.

எனாமலில் ஓடும் மயிரிழை விரிசலோ, 1911 செப்டம்பர் 20-இல் ஹாக் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒலிம்பிக்கின் மீது மோதியபோது விழுந்ததாம். நங்கூரத்தை அடுத்துள்ள ஆண்டெழுத்து, அதாவது முத்திரை குத்திய ஆண்டைக் காட்டும் ஆங்கில எழுத்து, 1926-ஐக் குறிக்கிறது. பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே அடிபட்ட பொருள் உலகில் இது ஒன்றே. தூசு தட்டும்போது எவரோ கைநழுவ விட்டிருப்பர். அது சொல்லத் தக்க கதையாகாது.

மெய்யாகவே அக்கப்பலிலிருந்து வந்தவற்றைக் காண விழைவோர், 1935-இல் அதன் உட்பொருள்கள் ஏலம் விடப்பட்டபின் மரச்சுவர்ப் பலகைகள் சென்று சேர்ந்த, அல்னிக் நகரத்து ஒயிட் ஸ்வான் விடுதிக்குப் போகலாம். அவை சட்டைப்பையில் அடங்கா. அதனாலேயே நம்பத் தக்கவை.

பட்டியலின் படத்தைப் பெரிதாக்கி இத்தனையையும் கண்டறிந்த ஒருவர் அதே கடிகாரத்துக்கு விலை கேட்டது ஏன், அதுவும் இரண்டாவது உயர்ந்த விலையோடு நின்றது ஏன் என்பன இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நேரம் காட்டுமா என்னும் வினாவை, அதை வாங்கிச் சென்றவரிடமே கேட்க வேண்டும். சாவி இல்லை என்று பட்டியலின் கடைசி வரியில், மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்தது.